கட்டில் சட்டத்தில் ஒரு தகரத் தகடு

எங்கள் குழுவில் மூன்று பேர்: டிரம்ஸ் ஒருவர், பேஸ் கிதார் ஒருவர், மேசைமேல் படுக்கவைத்த கிதாரோடு நான். பாடகர் கிடையாது. முன்கூட்டி அமைத்த மெட்டும் கிடையாது. உட்கார்ந்தால் நாற்பது நிமிடம் போல வாசிப்போம். அதில் பத்து நிமிடம் நன்றாக அமைந்துவிட்டால் அன்று டீ என் செலவு. இந்த வகை இசையை வாசிப்பவர்கள் சென்னையில் மிகச் சிலர். கேட்பவர்கள் அதைவிடக் கொஞ்சம் அதிகம், ஆனால் அவர்களிலும் பாதிப்பேர் வாசிப்பவர்களின் நண்பர்கள். என் அம்மா ஒருமுறை அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சுருதி சேர்த்து முடித்ததும் கூப்பிடு, வருகிறேன்" என்று எழுந்து போனார்.

கிதாரைப் படுக்கவைத்து வாசிக்கும் யோசனை 1965இல் லண்டனில் தொடங்கிய ஏ.எம்.எம். குழுவின் கீத் ரோவிடமிருந்து வந்தது. தோளில் மாட்டிக்கொண்டால் கை பழகிய இடத்துக்கே ஓடும். மேசையில் கிடத்தினால் அது கம்பி கட்டிய ஒரு பலகை, அவ்வளவுதான். அதன்மேல் ரேடியோவை வைக்கலாம், கத்தியால் தேய்க்கலாம், கைவிசிறியின் மோட்டாரைச் சுழலவிடலாம். ரோவ் இவை எல்லாவற்றையும் செய்தார். அறுபது ஆண்டுகள் கழித்து நாங்கள் அதே வேலையைச் செய்துகொண்டு 'பரிசோதனை' என்று பெயர் வைத்துக்கொள்கிறோம் என்ற கூச்சம் எனக்கு உண்டு. அது ஒருபுறம் இருக்கட்டும்.

எங்களுக்கு இருந்த குறை வேறு. நாங்கள் கையை எடுத்தால் ஒலியும் நின்றுவிடும். ஒத்திகை பார்ப்பது மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறையில். பக்கத்து வீட்டுக்காரர்களை நினைத்துச் சுவரெல்லாம் பழைய மெத்தையும் கோணிச் சாக்கும் தொங்கவிட்டிருக்கிறோம். எழுப்பும் ஒலியில் பாதியை அவை விழுங்கிவிடும். எதிரொலி தரும் டிஜிட்டல் பெடல் ஒன்று வைத்திருந்தேன். நல்ல பெடல்தான். ஆனால் எதைக் கொடுத்தாலும் ஒரே பணிவோடு ஒரே பதிலைச் சொல்லும். எங்களுக்குத் தேவைப்பட்டது, கொடுத்ததைத் தன் இஷ்டத்துக்கு மாற்றித் திருப்பித் தரும் ஒன்று. கொடுக்காததையும் சில வேளை தந்தால் இன்னும் நல்லது. தகட்டு எதிரொலி செய்துபார்க்கத் துணிந்தது இதனால்தான்.

அதன் தத்துவம் எளிது. மெல்லிய பெரிய இரும்புத் தகட்டை நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டித் தொங்கவிட வேண்டும். ஓரிடத்தில் ஒலிபெருக்கியின் காயிலை ஒட்டி ஒலியை உள்ளே செலுத்த வேண்டும். வேறோர் இடத்தில் அதிர்வை வாங்கும் தட்டு ஒன்றை ஒட்டி அதை வெளியே எடுக்க வேண்டும். நடுவில் அதிர்வு விளிம்புகளில் மோதித் திரும்பிக்கொண்டே இருக்கும். காதுக்கு அது எதிரொலியாகக் கேட்கும். ஜெர்மனியின் இ.எம்.டி. நிறுவனம் 1957இல் கொண்டுவந்த 140 என்ற மாடல்தான் இந்த வகையில் மூத்தது. அதன் தகடு இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் உயரம், அரை மில்லிமீட்டர் தடிமன். பெட்டியோடு சேர்த்து ஏறத்தாழ 270 கிலோ. அறுபதுகளின் ஆங்கிலப் பாப் பாடல்களில் குரலைச் சுற்றி ஒரு மினுமினுப்பு படர்ந்திருப்பதைக் கேட்டிருப்பீர்கள்; அதில் பெரும்பகுதி இத்தகைய தகடுகளின் வேலை.

நான் மனத்தில் வைத்திருந்தது அந்த ஒலிப்பதிவுக் கூடங்களை அல்ல, அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடரை. 1968இல் நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் நடனத்துக்காக 'ரெயின்ஃபாரஸ்ட்' என்ற படைப்பை டியூடர் அமைத்தபோது, கிடைத்த பொருள்களில் அதிர்வூட்டிகளைப் பொருத்தி அந்தப் பொருள்களையே ஒலிபெருக்கிகளாக்கினார். 1973இல் அது பெரிதாக வளர்ந்தது. கூரையிலிருந்து தொங்கும் உலோகப் பொருள்களுக்கும் பீப்பாய்களுக்கும் நடுவே பார்வையாளர்கள் நடந்து, காதை ஒட்டவைத்துக் கேட்கலாம். அவருக்கு நம் நாட்டோடும் தொடர்பு உண்டு: 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவியோடு ஒரு மின்னிசைக் கூடத்தை அமைத்துக் கொடுத்தவர் அவர்தான். ஒலிப்பதிவுக் கூடக்காரர்கள் தகட்டின் சொந்தக் குணம் வெளியே தெரியக் கூடாது என்று பாடுபட்டார்கள். டியூடருக்கோ பொருளின் சொந்தக் குணம்தான் இசை. நான் இரண்டாவது கட்சி.

பாரிமுனையில் ஒரு தகடுக் கடையில் அரை மில்லிமீட்டர் ஜி.ஐ. ஷீட், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு, வாங்கினேன். எட்டடிக்கு நாலடி என்ற அளவில்தான் வரும். நான்காக வெட்டச் சொன்னால் நாலடிக்கு இரண்டடியாக நான்கு துண்டு. ஒன்றைத் தகடாக்கலாம், மற்றவற்றை ஓட்டை போட்டுப் பழகலாம். கூரைக்கா, ஏர் கூலருக்கா என்று கடைக்காரர் கேட்டார். வாசிப்பதற்கு என்றேன். வெட்டுக் கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். பரிதாபமா மரியாதையா என்று தெரியவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது சுருட்டக் கூடாது என்பது முக்கியம். ஒருமுறை சுருட்டிய தகடு அந்த வளைவை மறக்காது. மடங்கிய இடம் ஒவ்வொன்றும் பின்னால் 'டொக்' என்று உள்வாங்கி வெளித்தள்ளும், எண்ணெய் டின்னின் பக்கவாட்டை அமுக்கினால் வருமே, அந்த ஓசை. பழைய பிளைவுட் பலகையோடு சேர்த்துக் கட்டி மீன்பாடி வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தேன். ஒரு துண்டின் எடை மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

நாலடிக்கு இரண்டடி போதுமா என்று முன்பே கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். தகடு எல்லாச் சுருதியிலும் ஒரே மாதிரி அதிராது. தனக்கென்று சில சுருதிகளை வைத்திருக்கும். அவை எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றனவோ அவ்வளவு வழுவழுப்பாக எதிரொலி கேட்கும். தகட்டின் பரப்பும் தடிமனும் இரும்பில் ஒலியின் வேகமும் தெரிந்தால் போதும், இதைத் தோராயமாகச் சொல்லிவிடலாம். என் தகட்டில் இரண்டு ஹெர்ட்ஸுக்கு ஒன்று என்று வந்தது. இ.எம்.டி.யின் பெரிய தகட்டில் அதே இரண்டு ஹெர்ட்ஸுக்குள் இரண்டு மூன்று இருக்கும். அறைக்கும் தகட்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான்: அறையில் சுருதி ஏற ஏற இந்த நெருக்கம் மளமளவென்று கூடும், தகட்டில் கீழிருந்து மேல்வரை ஏறத்தாழ ஒரே நெருக்கம். அதனால் தகடு ஒருபோதும் மண்டபம்போல ஒலிக்காது. சிறிய தகடு இன்னும் மோசம், கீழ்ச் சுருதிகளில் தனித்தனி மணிகளாகக் கேட்கும். ஒலிப்பதிவுக்காரர் இதைக் கேட்டால் தகட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார். எனக்கு அந்த மணிகள் வேண்டியிருந்தன.

சட்டத்துக்குக் காயலான் கடையில் ஒரு பழைய இரும்புக் கட்டில் அகப்பட்டது. ஆறடிக்கு இரண்டரை அடி, எல் வடிவ ஆங்கிள், கால்கள் அறுந்தவை. தகட்டைச் சுற்றி நீளவாக்கில் ஒவ்வொரு பக்கமும் ஓரடியும் அகலவாக்கில் மூன்று அங்குலமும் இடம் கிடைத்தது. கொக்கியும் மரையும் வைக்க இது தாராளம். தகட்டின் நான்கு மூலைகளிலும் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி ஓட்டை போட்டேன். வெறும் ஓட்டையில் கொக்கியை மாட்டி இழுத்தால் அரை மில்லிமீட்டர் தகடு காகிதமாகக் கிழியும். இரு பக்கமும் பெரிய வாஷர் வைத்து நட்டு முடுக்கி, அந்த போல்ட்டில்தான் கம்பியைக் கோக்க வேண்டும். கம்பியின் மறுமுனை சட்டத்தில் கண்வைத்த போல்ட்டில் போய்ச் சேரும். சட்டத்துக்கு வெளியே இருக்கும் நட்டைத் திருகத் திருக இழுவிசை ஏறும்.

கார் சக்கரத்தின் நட்டுகளை முடுக்குவதுபோல எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். ஒரே மூலையை முழுதாக இழுத்துவிட்டு அடுத்ததற்குப் போனால் தகட்டில் குறுக்கே ஓர் அலை நின்றுவிடும், அதை எடுப்பது பெரும்பாடு. எவ்வளவு இழுப்பது என்பதற்கு அளவுகோல் காதுதான். விரல் கணுவால் நடுவில் தட்டிக்கொண்டே வர வேண்டும். தளர்ந்த தகடு இடி முழக்குவதுபோல் குழைந்து ஆடும். இறுகி வரும்போது அந்தக் குழைவு மறைந்து, நீண்டு தேயும் ஒலியாக மாறும். அதற்கு மேலும் இறுக்கினால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, மூலைகள்தான் நொந்துபோகும்.

அடுத்தது அதிர்வை வாங்கும் பீசோ தட்டு. இந்த வேலை முழுவதிலும் மலிவான பொருள் இதுதான். ரிச்சி தெருவில் பத்து ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கும். கடிகார அலாரத்திலும் பொம்மையிலும் 'கீங்' என்று கத்துவது இதே பித்தளை வட்டும் அதன்மேல் ஒட்டிய வெள்ளைப் பீங்கானும்தான். மின்சாரம் கொடுத்தால் வளையும்; வளைத்தால் மின்சாரம் கொடுக்கும். வினோத ஒலி தேடும் இசைக்குழுக்களின் பாதி வரலாறு இந்தப் பத்து ரூபாய்த் தட்டில் இருக்கிறது. ஜப்பானில் மெர்ஸ்போ என்ற பெயரில் வாசிக்கும் மசாமி அகிடா, பழைய உலோகத் துண்டுகளில் இதைப் போன்ற ஒலிவாங்கிகளைப் பொருத்தித்தான் தன் கருவிகளைச் செய்துகொண்டார்.

இதைப் பற்றிப் பரவலான ஒரு புகார் உண்டு: பீசோ வைத்தால் எல்லாமே தகர டப்பா மாதிரி ஒலிக்கிறது, அடித்தொனியே இல்லை என்பார்கள். குற்றம் தட்டின் மேல் இல்லை, அதைச் செருகிய இடத்தின் மேல். 27 மி.மீ. தட்டு மின்சாரக் கணக்கில் சுமார் 20 நானோஃபாரட் கெபாசிட்டர். ஒலிகளைக் கலக்கும் சாதாரண மிக்சரின் லைன் உள்ளீடு 10 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை எல்லாம் படிப்படியாக வடித்துவிடும். ஓர் ஆண் பேசும் குரலின் அடித்தொனி 100 ஹெர்ட்ஸ் பக்கம். அப்படியென்றால் எதை எல்லாம் இழக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதே தட்டை ஒரு மெகா ஓம் உள்ளீட்டில் செருகினால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். காது கேட்கும் எல்லைக்கும் கீழே. கிதார் பெடல்களின் உள்ளீடு பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். ஆகவே பெடல் இருந்தால் முதலில் அதில் செருகிப் பாருங்கள், வேறொன்றும் செய்யத் தேவைப்படாமலும் போகலாம்.

என்னிடம் இருந்த பெடல்கள் எல்லாம் கிதாருக்கே சரியாக இருந்தன. அதனால் டி.எல். 072 என்ற எட்டுக்கால் ஐ.சி.யை வைத்து இடைச்சுற்று ஒன்றைச் செய்தேன். ஒரு ஐ.சி.யில் இரண்டு பெருக்கிகள், ஆகவே இரண்டு பீசோவுக்கு ஒன்றே போதும். இங்கே பெருக்குவது நோக்கம் அல்ல. பீசோவைச் சுமையிலிருந்து காப்பாற்றினால் போதும். 1ஆம் காலையும் 2ஆம் காலையும் ஒன்றாக இணைக்க வேண்டும். 3ஆம் கால் உள்ளீடு. 8இல் 9 வோல்ட் பேட்டரியின் நேர்முனை, 4இல் எதிர்முனை. இரண்டு 47 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் பேட்டரியின் பாதி மின்னழுத்தத்தை உண்டாக்கி, அதை ஒரு 47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரால் நிலைப்படுத்தி, அங்கிருந்து ஒரு மெகா ஓம் வழியாக 3ஆம் காலுக்குக் கொடுக்க வேண்டும். பீசோ தானே ஒரு கெபாசிட்டர் என்பதால் உள்ளே வரும் வழியில் தனியாக ஒன்று வேண்டியதில்லை. 10 கிலோ ஓம் ஒன்றை மட்டும் தொடராக வைத்தேன். யாராவது தகட்டைச் சுத்தியால் அடித்தால் பீசோ பத்து இருபது வோல்ட் துப்பும், அப்போது ஐ.சி. பிழைக்க வேண்டும். எங்கள் டிரம்ஸ்காரரைத் தெரிந்தவர்களுக்கு இந்த முன்னெச்சரிக்கையின் நியாயம் புரியும். வெளியீட்டில் 10 மைக்ரோஃபாரட். 5, 6, 7ஆம் கால்களில் இரண்டாவது பீசோவுக்கு இதே கதை.

பேட்டரிக்குப் பதில் அடாப்டர் வைக்கலாம்தான். ஆனால் நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல் இந்தச் சுற்றுக்குள் நுழைய ஆயிரம் வழி தேடும். பேட்டரி வைத்தால் அவற்றில் ஒரு பெரிய வழி அடைபடும். இந்த ஐ.சி. உறிஞ்சுவது மூன்று மில்லி ஆம்பியர் அளவுதான், ஒரு பேட்டரி பல ஒத்திகைகளுக்கு வரும்.

பீசோவில் சால்டர் வைப்பது தனிக் கலை. நடுவில் உள்ள வெள்ளிப் பூச்சில் சூட்டுக்கோலை ஒரு விநாடிக்கு மேல் வைத்தால் பூச்சு ஈயத்தோடு கலந்து போய்விடும், பிறகு அந்த இடத்தில் எதுவும் ஒட்டாது. ஓரத்துப் பித்தளையோ சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும், எளிதில் ஈயம் பிடிக்காது. உப்புத்தாளால் சுரண்டிவிட்டு வைத்தால் பிடிக்கும். கம்பி ஏற்கெனவே வைத்த தட்டுகளும் விற்கிறார்கள், அவற்றை வாங்குவது புத்திசாலித்தனம். ஆனால் அந்தத் தலைமுடிக் கம்பியை நான்கு விரற்கடைக்கு மேல் விடாமல், அங்கேயே கவசமுள்ள கேபிளுக்கு மாற்றிவிட வேண்டும்.

பித்தளைப் பக்கம் தகட்டில் ஒட்ட வேண்டும், பீங்கான் பக்கம் வெளியே. பித்தளைதான் கிரவுண்டு, தகட்டையும் ஒரு கம்பியால் அதோடு இணைத்தால் தகடு முழுவதும் கிரவுண்டாகி ஒரு பெரிய கவசமாகிவிடும். வெளியே தெரியும் பீங்கான் முகம் மட்டும் ரேடியோ ஏரியல் மாதிரி முனகலை வாங்கிக்கொண்டிருக்கும். அதன்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதற்கு மேல் செப்பு டேப் ஒட்டி, அதைக் கிரவுண்டோடு இணைத்த நொடியில் முனகல் அடங்கியது. ஒட்டுவதற்கு நுரை வைத்த இருபக்க டேப் வேண்டவே வேண்டாம். மேல் ஒலிகள் அனைத்தையும் அந்த நுரை தின்றுவிடும். மெல்லிய படலமாக அரால்டைட் பூசி, ஒரு இரவு கனம் வைத்து அழுத்தினேன்.

எங்கே ஒட்டுவது என்பதற்கும் கணக்கு உண்டு. நீளத்திலும் அகலத்திலும் சரிபாதி, மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று ஆகிய இடங்களைத் தவிர்க்க வேண்டும். தகட்டின் பல அதிர்வுகள் அங்கேதான் அசையாமல் நிற்கும். அசையாத இடத்தில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. நான் ஒரு பீசோவை இடது கீழ் மூலைப் பக்கமும் மற்றொன்றை வலது மேல் பக்கமும், விளிம்பிலிருந்து வெவ்வேறு தொலைவில் வைத்தேன். ஹெட்போனில் கேட்டால் இரண்டு காதுக்கும் இரண்டு வெவ்வேறு தகடுகள்.

அதிர்வூட்டிக்கு உடைந்த டிரான்சிஸ்டர் ரேடியோவிலிருந்து நாலு அங்குல ஸ்பீக்கர் ஒன்றை எடுத்தேன். கூம்புக் காகிதத்தை வட்டமாக வெட்டி எறிந்துவிட்டால், நடுவில் காயிலும் அதைப் பிடித்திருக்கும் மடிப்புத் துணியும் எஞ்சும். காயிலின் தலையில் ஐஸ்கிரீம் குச்சியின் ஒரு துண்டைச் செங்குத்தாக ஒட்டி, குச்சியின் மறுமுனையைத் தகட்டில் ஒட்ட வேண்டும். கனமான கட்டையை வைத்தால் மேல் ஒலிகள் போய்விடும், ஆகவே எவ்வளவு லேசாக முடியுமோ அவ்வளவு லேசாக. ஸ்பீக்கரின் உடலைத் தாங்கச் சட்டத்தின் குறுக்கே ஒரு ஆங்கிள் பட்டையை வைத்து, அதில் வட்ட ஓட்டைக்குப் பதில் நீள ஓட்டை போட்டேன். குச்சியை ஒட்டிய பிறகு ஸ்பீக்கரை இப்படியும் அப்படியும் நகர்த்தி, காயில் காந்தத்தில் உரசாத இடம் பார்த்து முடுக்க இது உதவும். உரசினால் 'கரகர' என்று காட்டிக்கொடுத்துவிடும். பெருக்கியாக டி.டி.ஏ. 2030 வைத்த சிறிய போர்டு, 12 வோல்ட்.

மிக்சரின் துணை (aux) வெளியீட்டிலிருந்து பெருக்கி, அங்கிருந்து காயில், தகடு, பீசோ, இடைச்சுற்று, திரும்பவும் மிக்சரின் இரண்டு சேனல்கள். இதுதான் பாதை.

முதலில் ஒரு 'டக்' ஒலியை அனுப்பிப் பார்த்தேன். திரும்பி வந்தது 'டக்' அல்ல, மேலிருந்து கீழே வழுக்கும் ஒரு 'ட்ஸ்யூ'. காற்றில் எல்லாச் சுருதியும் ஒரே வேகத்தில் போகும். மெல்லிய தகட்டில் அப்படி இல்லை. கூர்மையான ஒலிகள் வேகமாக ஓடும், கனத்த ஒலிகள் பின்தங்கும். ஒன்றாகப் புறப்பட்டவை வரிசையாக வந்து சேர்வதால் அந்த வழுக்கல். இதைப் படித்துத் தெரிந்துவைத்திருந்தேன். ஆனால் என் கிதார்க் கம்பியின் ஒரு சுண்டல் இப்படி நீராகிச் சரிவதைக் கேட்டபோது அன்று மாலை முழுவதும் வேறெதுவும் செய்யவில்லை.

பிறகு தகட்டின்மேல் பொருள்களைத் தொங்கவிடும் படலம். கம்பியில் கோத்த நட்டு, சலங்கை மணி, பேப்பர் கிளிப். தகடு நிமிர்ந்து நிற்பதால் நூலில் கட்டித் தொட்டும் தொடாமலும் விட்டால் போதும், தகடு அதிரும்போது அவை துள்ளித் துள்ளிப் பட்டு ஒலியின் ஓரத்தில் ஒரு இரைச்சலைச் சேர்க்கும். இது அன்னியமான ரசனை என்று நினைப்பவர்கள் தம்புராவின் குதிரையில் கம்பிக்கு அடியில் செருகும் ஜீவா நூலை நினைத்துப்பார்க்கலாம். அந்த நூல் இல்லாத தம்புரா வெறும் கம்பி. சுத்தமான ஒலியில் கொஞ்சம் ரீங்காரத்தைக் கலந்தால்தான் உயிர் வரும் என்று நம் ஊரில் யாரோ பல நூற்றாண்டு முன்பே கண்டுகொண்டுவிட்டார்கள்.

உண்மையான விளையாட்டு அதற்குப் பிறகுதான். தகட்டிலிருந்து திரும்பி வரும் சேனலின் துணைக் குமிழைக் கொஞ்சம் திறந்தால், தகட்டின் ஒலி மீண்டும் தகட்டுக்கே போகும். ஒரு சுற்று உருவாகிவிடும். கல்யாண மண்டபத்தில் மைக் ஊளையிடுவதும் இதே சுற்றால்தான். அங்கே அது விபத்து. டோஷிமாரு நகாமுரா என்ற ஜப்பானியர் மிக்சரின் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே செருகி, வெளியிலிருந்து எந்த ஒலியும் கொடுக்காமல், இந்த ஊளையை மட்டும் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறார். என் சுற்றின் நடுவில் மூன்று கிலோ இரும்பு இருக்கிறது, அதனால் ஊளை மெதுவாக எழும். சில விநாடிகள் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு அறைக்குள் ஏதோ கூடிவருவது தெரியும். அதற்குப் பின் ஒரே சுருதி, தெளிவாக, இடையறாமல்.

இதில் இறங்குவதற்கு முன் இரண்டு காவல் வைத்தேன். ஊளை தானாக நிற்காது, பெருக்கி தாங்கும் எல்லைவரை ஏறி அங்கேயே நின்று காயிலைச் சுட்டுவிடும். காயிலுக்குத் தொடராக அரை ஆம்பியர் ஃபியூஸ். நாலு ஓம் காயிலில் அது ஒரு வாட், இந்த வேலைக்கு அதுவே அதிகம். பீசோவின் இடைச்சுற்றுக்குப் பிறகு ஒரு ரெசிஸ்டரும் எதிரெதிராக வைத்த இரண்டு 1என்4148 டயோடுகளும், 0.6 வோல்ட்டுக்கு மேல் ஏறவிடாமல் அவை வெட்டிவிடும். ஒத்திகையில் காதுக்குப் பஞ்சும் உண்டு, இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஊளை எந்தச் சுருதியில் வரும் என்பதை நான் தீர்மானிக்க முடியாது. சுற்றில் எந்தச் சுருதிக்கு வலு அதிகமோ, எது ஒரு சுற்று முடிந்து சரியான கட்டத்தில் வந்து சேர்கிறதோ, அதுதான் வெல்லும். உள்ளங்கையைத் தகட்டில் ஓரிடத்தில் வைத்தால் அங்கே பலமாக அதிரும் சுருதி செத்துவிடும். அதுவரை தலைதூக்க முடியாமல் இருந்த வேறொன்று எழும். கையை இரண்டு விரற்கடை நகர்த்தினால் மூன்றாவது. ஆக, இந்தக் கருவியைத் தட்டி வாசிப்பதில்லை, தடுத்து வாசிப்பது. எதை எழுப்புவது என்று நினைத்துப் பயன் இல்லை, எதை அடக்குவது என்றுதான் நினைக்க வேண்டும். அதற்கும் மேல், தகடு மெதுவானது. இப்போது கை வைத்தால் விளைவு சற்றுப் பொறுத்துத்தான் வரும். கை பரபரக்கிறவர்களுக்கு இது ஆகாது.

குழுவோடு வாசித்த முதல் மாலையில் டிரம்ஸ்காரர் வழக்கம்போல் நிறைய அடித்தார். தகடு அத்தனையையும் வாங்கி ஒரே சேறாகத் திருப்பித் தந்தது. இன்னும் பலமாக அடித்தார். இன்னும் கெட்டியான சேறு. பேஸ் வாசிப்பவர் ஒரு கட்டத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டு, ஊளை எந்தச் சுருதியில் நிற்கிறது என்று கேட்டு, அதற்குச் சற்றுத் தள்ளி ஒரே ஒரு சுரத்தை நீட்டினார். இரண்டும் மோதி ஒரு துடிப்பு எழுந்தது: 'வொவ், வொவ், வொவ்'. டிரம்ஸ்காரர் அந்தத் துடிப்பைக் கேட்டு, குச்சியை வைத்துவிட்டுப் பிரஷ்ஷை எடுத்தார். எங்களுக்குத் தாளம் என்று ஒன்று வந்ததே அன்றுதான், அதையும் மூவரில் யாரும் போடவில்லை.

இதற்குப் பிறகு பழைய இசைத்தட்டுகள் எனக்கு வேறுமாதிரி கேட்கத் தொடங்கின. ஏ.எம்.எம்.மின் நீண்ட வாசிப்புகளில் யாரும் எதுவும் செய்யாததுபோல் தோன்றும் பகுதிகளை முன்பெல்லாம் ஓட்டிவிடுவேன். இப்போது அவை எனக்கு வேலை நடக்கும் இடங்களாகக் கேட்கின்றன. யாரோ எதையோ எழவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மேற்கு பெர்லினில் 1980இல் தொடங்கிய ஐன்ஸ்டுர்ட்செண்ட நொய்பாவுட்டன் குழுவில், என்.யு. உன்ருஹ் தன் டிரம்ஸை விற்றுவிட்டு இரும்புத் துண்டுகளைக் கொண்டு கருவி செய்துகொண்டார் என்ற கதை பலருக்கும் தெரியும். அதை வறுமையின் கதையாகவோ வீம்பின் கதையாகவோதான் சொல்வார்கள். எனக்கு அது நல்ல காதின் கதையாகப் படுகிறது. அவர்களின் தொடக்கக்கால ஒலிப்பதிவுகளில் எந்த இரும்பு தொங்குகிறது, எது தரையில் கிடக்கிறது என்பதை இப்போது ஓரளவு ஊகிக்க முடிகிறது. தொங்குவது நீண்டு தேயும். கிடப்பது உடனே வாயை மூடிக்கொள்ளும். லண்டன் பிரிக்ஸ்டனில் திஸ் ஹீட் குழு, இறைச்சி பதப்படுத்திய பழைய குளிர்பதன அறையைத் தங்கள் ஒலிப்பதிவுக் கூடமாக்கிக்கொண்டது. அவர்கள் ஒலியில் எனக்குப் பிடித்த அந்த இறுக்கத்தில் அறைக்கும் பங்கு உண்டு என்று இப்போது சந்தேகமில்லாமல் நம்புகிறேன்.

மாறாக, சத்தத்தை மட்டும் நம்பும் பல குழுக்களின் மேல் எனக்கிருந்த மதிப்பு குறைந்துவிட்டது. எல்லாக் குமிழையும் முழுதாகத் திறந்துவைத்தால் எந்தத் தகடும் ஒரே மாதிரிதான் கத்தும். அந்த அளவில் இரும்பும் ஒன்றுதான், பிளாஸ்டிக்கும் ஒன்றுதான். மெர்ஸ்போவை இதில் சேர்க்க மாட்டேன். அந்தப் பேரிரைச்சலுக்குள் அடுக்குகள் நகர்வது பொறுமையாகக் கேட்டால் தெரியும். அவரை நகலெடுக்கும் குழுக்களில் எனக்கு அது கேட்கவில்லை.

இன்னும் சரிசெய்ய வேண்டியவை உண்டு. மதிய வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் சூடு இறங்கும்போது மெல்லிய தகடு சட்டத்தைவிட முன்னால் சூடாகி விரிந்துவிடுகிறது, அடித்தொனி தளர்கிறது. மாலையில் தானாகத் திரும்பும், ஆனால் மூன்று மணிக்கு முடுக்கிவிட்டு ஏழு மணிக்கு மறந்தால் மூலைகளுக்கு ஆபத்து. ஆகவே முடுக்குவது விளக்கு வைத்த பிறகுதான். இ.எம்.டி.யில் தகட்டுக்கு அருகே ஒரு பலகையைத் தொடாமல் நெருக்கிக் கொண்டுவந்து எதிரொலியின் நீளத்தைக் குறைப்பார்கள். அதேபோல் ஒரு கெட்டியான ஃபோம் பலகையைக் கீலில் மாட்டிப் பார்க்கிறேன்; கீல் கிறீச்சிடுவதும் பீசோவில் விழுகிறது என்பதால் இப்போதைக்குக் கையால் பிடித்துக்கொள்கிறோம். நிகழ்ச்சிக்கு எடுத்துப் போகும்போது சட்டத்திலிருந்து தகட்டைக் கழற்றுவதில்லை, கட்டிலோடுதான் போகும். லிஃப்டில் நுழையாது, படிதான்.

ஜி.ஐ. என்பதால் முகத்தில் துரு இல்லை. வெட்டிய விளிம்புகளில் மட்டும் உப்புக்காற்று வேலையைத் தொடங்கியிருக்கிறது. விளிம்புகளில் மெல்லிய ஒரு பூச்சு எனாமல் அடித்தால் போதும். பெயின்ட் உள்ளே வழிந்து தகட்டின் பரப்பில் படியவிடாதீர்கள், படிந்தால் மேல் ஒலிகள் மங்கிவிடும்.